மேல் பட்டம் பெற்றால் உத்தியோகம் நிச்சயமா?

மே, ஜூன் மாதங்கள் பிறந்துவிட்டால், பட்டதாரிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரே பேச்சுத்தான். "அடுத்து என்ன படிப்பது?" பி.இ. முடித்த பையன் எம்.இ., எம்.டெக். என்று யோசிக்கிறான். பி.எஸ்ஸி. முடித்த பெண் பி.எட். சேரலாமா என்று கேட்கிறாள். தகப்பனார் கையிருப்பைக் கணக்குப் பார்க்கிறார். "படித்த படிப்பு வீண் போகாது" என்று தாயார் தைரியம் சொல்கிறாள்.

படிப்பு வீண் போகாது என்பது உண்மைதான். ஆனால் பட்டம் வீண் போவது உண்டு. இரண்டு வருஷமும் சில லட்சம் ரூபாயும் செலவழித்து வாங்கிய பட்டம், விரும்பிய வேலைக்குச் செல்லாது என்று பிற்பாடு தெரிய வந்தால் யாரைக் கேட்பது? பட்டம் கொடுத்த கல்லூரி பொறுப்பேற்காது. விதியை எழுதிய அதிகாரிகளும் பொறுப்பேற்க மாட்டார்கள். நஷ்டம் முழுவதும் அந்தக் குடும்பத்துக்கே.

சென்ற பதினைந்து வருஷங்களில் இந்த இரண்டு பட்டங்களுக்கும் உரிய விதிகள் எத்தனை முறை மாறின, அவற்றால் யார் லாபம் அடைந்தார்கள், யார் அவதிப்பட்டார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது ஒவ்வொரு பெற்றோருக்கும் அவசியம்.

இரண்டும் ஒரே குடும்பம்

எம்.டெக். தொழில்நுட்பப் பட்டம், பி.எட். கல்விப் பட்டம். ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் தோன்றும். சற்று உற்றுப் பார்த்தால் இரண்டும் உடன்பிறந்தவை என்பது விளங்கும்.

பி.எட். இல்லாமல் சர்க்கார் உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்த முடியாது. எம்.இ. அல்லது எம்.டெக். இல்லாமல் என்ஜினீயரிங் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக முடியாது. மற்ற வேலைகளுக்கு இந்தப் பட்டங்கள் உதவலாம், உதவாமலும் போகலாம். வாத்தியார் வேலைக்கு மட்டும் இவை கட்டாயம். ஆகவே இவை இரண்டும் முக்கியமாக வாத்தியார் வேலைக்கான அனுமதிச் சீட்டுகள்.

அனுமதிச் சீட்டு கையில் இருந்தால் உள்ளே நாற்காலி காலியாக இருக்கும் என்று அர்த்தம் அல்ல. இந்த வித்தியாசத்தை மறந்ததுதான் இன்றைய தொல்லைகளுக்கெல்லாம் மூல காரணம்.

சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி 1856-ல் தோன்றிய பழைய ஸ்தாபனம். அங்கே எல்.டி. என்ற பட்டம் வாங்கியவர்களுக்கு ஒரு காலத்தில் தனி மரியாதை இருந்தது. பிறகு பி.டி. என்ற பெயர் வந்தது. அதற்கும் பிறகு பி.எட். ஆயிற்று. பயிற்சி பெற்றவர்கள் கொஞ்சம் பேராக இருந்தவரை பள்ளிக்கூடங்களே அவர்களைத் தேடிச் சென்றன. இன்று பயிற்சிக் கல்லூரிகள் நூற்றுக் கணக்கில் இருக்கின்றன. பட்டதாரிகள்தான் பள்ளிக்கூடங்களைத் தேடி அலைகிறார்கள்.

கேட் பரீட்சையின் மகிமை

எம்.டெக். படிப்புக்கு முக்கிய நுழைவாயில் 'கேட்' பரீட்சை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் ஏழு பழைய ஐ.ஐ.டி.களும் முறை வைத்து இதை நடத்துகின்றன. மூன்று மணி நேரம், 100 மார்க்கு. அதில் 15 மார்க்கு பொது அறிவுத் திறனுக்கு உரியது. பி.இ. மூன்றாம் வருஷத்தில் இருப்பவர்களே எழுதலாம். ஒரு முறை வாங்கிய மார்க்கு மூன்று வருஷம் செல்லும்.

இந்தப் பரீட்சையை எம்.டெக். படிக்க விரும்புகிறவர்களுக்கு மட்டுமே உரியது என்று நினைத்து ஒதுங்குகிறவர்கள் பலர். அது தவறு. கேட் மார்க்குக்கு மூன்று உபயோகங்கள் உண்டு.

முதலாவது, எம்.டெக். அட்மிஷன். ஐ.ஐ.டி. ஒவ்வொன்றுக்கும் தனித் தனியே விண்ணப்பம் போட வேண்டும். இடம் ஒதுக்குவதை அறிவிக்கும் பொது ஏற்பாடு ஒன்று இருக்கிறதே தவிர, அதில் பெயரைப் பதிந்தால் மட்டும் போதாது. என்.ஐ.டி.களுக்குப் பொதுவான கவுன்சலிங் வேறாக நடக்கிறது. இந்த வித்தியாசம் தெரியாமல், நல்ல மார்க்கு வாங்கியும் இடத்தைக் கோட்டை விடுகிறவர்கள் உண்டு.

இரண்டாவது, நேரடி உத்தியோகம். மத்திய சர்க்காரின் பொதுத் துறைக் கம்பெனிகள் பல, பி.இ. பட்டத்துடன் கேட் மார்க்கைப் பார்த்து என்ஜினீயர்களை எடுக்கின்றன. இவற்றுக்கு எம்.டெக். தேவையே இல்லை. பெரும்பாலும் அந்தந்த வருஷத்து மார்க்கையே கேட்பார்கள் என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, உதவித் தொகை. கேட் மார்க்குடன் முழு நேர எம்.டெக். சேர்கிறவர்களுக்கு, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியாக இருந்தால், மாதம் 12,400 ரூபாய் கிடைக்கிறது. இருபத்து நான்கு மாதங்களுக்கு மொத்தம் 2,97,600 ரூபாய். சாதாரணக் குடும்பத்துக்கு இது சிறிய தொகை அல்ல.

தமிழ்நாட்டில் கேட் இல்லாமலும் எம்.இ. சேர வழி இருக்கிறது. அண்ணா பல்கலைக் கழகம் 2023 முதல் இதற்கென்று 'சீட்டா' என்ற பரீட்சையை நடத்துகிறது. கவுன்சலிங்கில் கேட் எழுதியவர்களுக்கே முதல் இடம். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. சீட்டா வழியாக வந்தவருக்கு அந்த 12,400 ரூபாய் கிடையாது. ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சியில் அமர்ந்து படிக்கும் இருவரில் ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு படிக்கிறார்; மற்றவர் பணம் கட்டிப் படிக்கிறார்!

யாருக்கு எம்.டெக். அவசியம்?

சிப்பு வடிவமைப்பு, பெரிய கட்டிடங்களின் கட்டமைப்புக் கணக்கு, ஆராய்ச்சி போன்ற துறைகளில் நல்ல ஸ்தாபனத்தில் பெற்ற எம்.டெக்.குக்கு மதிப்பு உண்டு. அங்கே ஆழ்ந்த படிப்பு நிஜமாகவே தேவைப்படுகிறது.

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் சாதாரண வேலைகளில் அப்படி இல்லை. கம்பெனிக்காரர்கள் கைத்திறமையைப் பார்க்கிறார்கள். பி.இ. முடித்து இரண்டு வருஷம் வேலை பார்த்தவனுக்கும், அந்த இரண்டு வருஷமும் எம்.இ. படித்தவனுக்கும் வித்தியாசம் காட்டாத கம்பெனிகள் அநேகம்.

விண்வெளி ஆராய்ச்சி நிலையமான 'இஸ்ரோ'வில் சேர எம்.டெக். கட்டாயம் என்று பலர் எண்ணுகிறார்கள். விஞ்ஞானி-என்ஜினீயர் பதவியின் முதல் படிக்கு, முக்கியமான பிரிவுகளில், 65 சதவிகித மார்க்குடன் பி.இ. இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

ஆராய்ச்சியில் மெய்யான ஆர்வம் உள்ளவனுக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. நான்கு வருஷப் பட்டத்தில் நல்ல மார்க்கு வாங்கியவர்கள் எம்.டெக். படிக்காமலே நேராக பி.எச்டி. சேர ஐ.ஐ.டி.கள் அனுமதிக்கின்றன. ஆரம்ப ஆராய்ச்சியாளர்களுக்கு மத்திய சர்க்கார் தரும் உதவித் தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்தது.

ஆக, "எம்.டெக். படிக்கலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. "இந்த வேலைக்கு எம்.டெக். கேட்கிறார்களா?" என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

கல்லூரி வாத்தியார் கணக்கு

ஒரு காலத்தில் முதல் வகுப்பில் பி.இ. தேறியவர்களே என்ஜினீயரிங் கல்லூரியில் விரிவுரையாளர் ஆனார்கள். 2010-ல் விதி மாறியது. எம்.இ. அவசியம் ஆயிற்று. அப்போது தமிழ்நாட்டில் சுயநிதிக் கல்லூரிகள் மளமளவென்று பெருகிக்கொண்டிருந்த நேரம். எம்.இ. முடித்தால் மறுநாளே வேலை என்ற நம்பிக்கை பரவியது. வேலையில் இருந்த பி.இ. வாத்தியார்கள்கூட அவசரம் அவசரமாக எம்.இ. சேர்ந்தார்கள்.

பிறகு காற்று திசை மாறியது. 15 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்றிருந்த கணக்கை 2018-ல் தொழில்நுட்பக் கல்விக் குழு தளர்த்தியது. 20 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் போதும் என்றது.

இதன் விளைவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வருஷத்துக்கு 60 மாணவர் வீதம் நான்கு வருஷத்தில் ஒரு பிரிவில் 240 மாணவர்கள். பழைய கணக்குப்படி 16 ஆசிரியர்கள் வேண்டும். புதிய கணக்குப்படி 12 பேர் போதும். ஒரு பிரிவில் நான்கு வேலை போயிற்று! நாடு முழுவதும் ஆயிரக் கணக்கான கல்லூரிகள். ஒவ்வொன்றிலும் நாலைந்து பிரிவுகள். எம்.இ. படித்துக்கொண்டிருந்த இளைஞர்களை யாரும் கலந்து பேசவில்லை.

கல்லூரி உதவிப் பேராசிரியருக்கு ஏழாவது சம்பளக் கமிஷன்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். சர்க்கார் கல்லூரிகளில் இது கிடைக்கிறது. சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் இதற்கு வெகு தூரம் கீழேதான் சம்பளம்.

2024 ஜூலையில் இன்னொரு விஷயமும் அம்பலமாயிற்று. அண்ணா பல்கலைக் கழகத்தில் இணைந்த கல்லூரிகள் பலவற்றின் கணக்கில், ஒரே ஆசிரியரின் பெயர் பல இடங்களில் காட்டப்பட்டிருந்தது. ஒருவர் ஒரே சமயத்தில் பல ஊர்க் கல்லூரிகளில் பாடம் நடத்துவது எப்படி? பெயர் மட்டும் இருந்த ஒவ்வோர் இடத்திலும் ஓர் எம்.இ. பட்டதாரி வேலை பார்த்திருக்கலாம். ஆசிரியர் இல்லாத வகுப்பில் அமர்ந்த மாணவர்களுக்கும் அது துரோகம்தான்.

ஒரு வருஷம் இரண்டானது

இனி பி.எட். கதைக்கு வரலாம்.

2015 வரை பி.எட். ஒரு வருஷப் படிப்பு. பயிற்சிக் கல்லூரிகளின் தரத்தை ஆராய சுப்ரீம் கோர்ட்டு நியமித்த நீதிபதி வர்மா கமிஷன் 2012-ல் அறிக்கை கொடுத்தது. தனித்து நடக்கும் பயிற்சி நிலையங்களில் பெரும்பாலானவை பயிற்சி அளிப்பதே இல்லை, பணத்துக்குப் பட்டம் விற்கின்றன என்ற நிலையை அது வெளிச்சம் போட்டுக் காட்டியது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-ல் புதிய விதிகளை எழுதியது. 2015 முதல் பி.எட். இரண்டு வருஷம் ஆயிற்று. எம்.எட். படிப்பும் அப்படியே.

இரண்டு வருஷத்தில் 20 வாரம் மாணவர் பள்ளிக்கூடத்திலேயே இருந்து பழக வேண்டும் என்பது விதி. நல்ல நோக்கம். நாற்பது குழந்தைகள் முன்னால் கையில் சாக்பீஸுடன் நின்றால்தான் வாத்தியார் தொழில் கைவரும். புத்தகத்தைப் படித்து நீச்சல் கற்க முடியுமா?

ஆனால் விதி இரட்டித்தபோது செலவும் இரட்டித்தது. தமிழ்நாட்டில் சர்க்கார் கல்லூரிகளிலும் உதவி பெறும் கல்லூரிகளிலும் உள்ள பி.எட். இடங்கள் ஏறக்குறைய 2,000. மற்றவர்கள் சுயநிதிக் கல்லூரிகளுக்குத்தான் போக வேண்டும். அங்கே வகுப்புக்கு வராமலே பரீட்சை எழுத ஏற்பாடு உண்டு என்று காதோடு காதாகச் சொல்லுகிற தரகர்களும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு மயங்குகிறவர், பணத்தையும் இழந்து பயிற்சியையும் இழக்கிறார்.

எந்த வகுப்புக்கு எந்தப் பட்டம்?

பி.எட். முடித்தால் எந்த வகுப்புக்கும் பாடம் நடத்தலாம் என்பது பொதுஜன அபிப்பிராயம். அது சரியல்ல.

ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை ஆரம்ப ஆசிரியர் பட்டயம் பெற்றவர்களுக்கே உரியது. 2018 ஜூனில் தேசியக் குழுமம் பி.எட். படித்தவர்களும் இந்த வகுப்புகளுக்கு வரலாம், ஆறு மாத இணைப்புப் பயிற்சி பெற்றால் போதும் என்றது. அதை நம்பி எத்தனையோ பேர் பி.எட். சேர்ந்தார்கள். 2023 ஆகஸ்டு 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சிறு குழந்தைகளுக்குக் கற்பிப்பது தனிப் பயிற்சி, பி.எட். அதற்காக ஏற்பட்டது அல்ல என்பதே தீர்ப்பின் சாரம். குழந்தைகளின் நன்மையை நினைத்தால் தீர்ப்பு நியாயமானது. ஆனால் நடுவில் ஐந்து வருஷம் சர்க்கார் உத்தரவை நம்பியவர்கள் செய்த குற்றம் என்ன?

ஆறு முதல் எட்டு வரை பி.எட். பட்டத்துடன் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேற வேண்டும். தமிழ்நாட்டில் பட்டதாரி ஆசிரியர்கள் பத்தாம் வகுப்பு வரை பாடம் நடத்துகிறார்கள்.

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு முதுகலைப் பட்டமும் பி.எட். பட்டமும் வேண்டும். தகுதித் தேர்வு தேவையில்லை. ஆசிரியர் தேர்வு வாரியம் தனிப் போட்டித் தேர்வு நடத்துகிறது. இங்கே ஒரு கண்ணி உண்டு. இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும். பி.எஸ்ஸி.யில் கணிதமும் எம்.ஏ.யில் ஆங்கிலமும் படித்தவர் அங்கே நுழைய முடியாது. சுலபமாக இருக்கிறது என்று அஞ்சல் வழியில் வேறு பாடத்தில் முதுகலை வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எம்.எட். பட்டமோ முக்கியமாகப் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்க்க விரும்புகிறவர்களுக்கு உரியது. அதற்கும் எம்.எட். மட்டும் போதாது; ஒரு பாடத்தில் முதுகலைப் பட்டமும் வேண்டும்.

பரீட்சைக்கு மேல் பரீட்சை

குழந்தைகளின் இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரலில் அமுலுக்கு வந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயம் ஆயிற்று. மொத்தம் 150 மார்க்கு. 90 வாங்கினால் தேர்ச்சி.

தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் முதல் தேர்வு நடந்தது. ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். தேறியவர்கள் 2,500 பேர்கூட இல்லை! நாடே திகைத்தது. அதே வருஷம் அக்டோபரில் மறுபடியும் தேர்வு நடத்த வேண்டி வந்தது.

2013-ல் தேறியவர்களின் கதை இன்னும் பரிதாபமானது. தேறியவர்களை வரிசைப்படுத்த சர்க்கார் 'வெயிட்டேஜ்' முறையைக் கொண்டுவந்தது. தகுதித் தேர்வுக்கு 60, பட்டப் படிப்புக்கு 15, பி.எட்.டுக்கு 15, பிளஸ் டூவுக்கு 10 என்று பங்கு போட்டார்கள். பல வருஷத்துக்கு முன் பிளஸ் டூ எழுதியவர்களுக்கு அந்தக் காலத்தில் கிடைத்த மார்க்கே குறைவு. அவர்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். எதிர்ப்புக் கிளம்பியது, வழக்குகள் வந்தன. 2018 ஜூலையில் அந்த முறையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் வந்தது என்ன? தகுதித் தேர்வில் தேறியவர்கள் வேலைக்காக இன்னொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்ற உத்தரவு! பட்டதாரி ஆசிரியர்களுக்கு அந்தப் போட்டித் தேர்வு 2024 பிப்ரவரியில்தான் நடந்தது. 2013-ல் முப்பது வயதில் தேறிய ஒருவருக்கு அப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

வருஷத்துக்கு ஒரு முறையாவது தகுதித் தேர்வு நடத்த வேண்டும் என்பது தேசியக் குழுமத்தின் நெறிமுறை. தமிழ்நாட்டில் 2013-க்குப் பிறகு 2017-ல்தான் அடுத்த பொதுத் தேர்வு நடந்தது. பிறகு 2019, அப்புறம் 2022, அதன் பின் 2025 நவம்பர். பி.எட். முடித்தவன் பரீட்சை எழுதுவதற்கே மூன்று நான்கு வருஷம் காத்திருக்க நேர்ந்தது. ஒரு காலத்தில் இந்தச் சான்றிதழ் ஏழு வருஷத்துக்கு மட்டுமே செல்லும் என்றிருந்தது. அதை 2021-ல் ஆயுள் முழுவதும் செல்லும்படி மாற்றினார்கள். இது ஒன்றுதான் பரீட்சை எழுதியவர்களுக்குக் கிடைத்த ஆறுதல்.

வேலையில் இருப்பவர்களும் தப்பவில்லை

2025 செப்டம்பர் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இன்னொரு முக்கியமான தீர்ப்பைக் கொடுத்தது. ஒன்று முதல் எட்டு வரை பாடம் நடத்தும் ஆசிரியர்கள், கல்விச் சட்டத்துக்கு முன்பே வேலையில் சேர்ந்தவர்களாக இருந்தாலும், ஓய்வு பெற ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்தால் தகுதித் தேர்வில் தேறியே ஆக வேண்டும். அதற்கு இரண்டு வருஷ அவகாசம். ஐந்து வருஷத்துக்குக் குறைவாக இருப்பவர்கள் வேலையில் நீடிக்கலாம். ஆனால் பதவி உயர்வு கிடையாது. சிறுபான்மையோர் பள்ளிகளைப் பற்றிய கேள்வியைப் பெரிய பெஞ்சுக்கு அனுப்பினார்கள்.

இருபது வருஷமாகப் பாடம் நடத்தியவரும், நேற்றுப் பட்டம் வாங்கியவரும் ஒரே பரீட்சை ஹாலில் உட்கார வேண்டிய நிலை வந்தது. தமிழ்நாடு சர்க்கார் இந்தத் தீர்ப்பை மறு பரிசீலனை செய்யும்படி மனுப் போட்டது.

தரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வாத்தியாருக்கே பாடம் தெரியாவிட்டால் குழந்தைகளின் கதி என்ன? ஆனால் தரத்தைப் பயிற்சிக் கல்லூரியில் உண்டாக்காமல், பரீட்சை ஹாலில் மட்டும் தேடுவதுதான் விபரீதம். பட்டம் தரமானதாக இருந்தால் பட்டத்துக்கு மேல் இரண்டு பரீட்சை எதற்கு? பட்டம் தரமற்றது என்றால், அதை விற்கும் கல்லூரிக்கு அங்கீகாரம் எதற்கு?

பி.இ. படித்தவர் பி.எட். சேரலாமா?

என்ஜினீயரிங் வேலை கிடைக்காத இளைஞர்கள், முக்கியமாகப் பெண்கள், இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறார்கள். சேரலாம். 55 சதவிகித மார்க்கு வேண்டும் என்பது தேசியக் குழுமத்தின் விதி. தமிழ்நாட்டில் 2015 முதல் அவர்களுக்கென்று இடங்கள் ஒதுக்கினார்கள்.

ஆனால் நடந்த வேடிக்கையைப் பாருங்கள். முதலில் சேர்ந்தவர்கள் 2017-ல் பி.எட். முடித்தார்கள். அவர்கள் எந்த வகுப்புக்கு, எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் ஆகலாம் என்று சர்க்கார் தெளிவாக உத்தரவு போட்டது 2019 டிசம்பரில்! தகுதித் தேர்வில் தேறினால் ஆறு முதல் எட்டு வரை கணித ஆசிரியர் ஆகலாம் என்று அந்த உத்தரவு சொன்னது. அட்மிஷன் நான்கு வருஷம் முந்தி வந்தது. வேலை விதி பிந்தி வந்தது.

மேல்நிலை வகுப்புகளுக்குப் போக முதுகலைப் பட்டம் கேட்பார்கள் என்பதால், பி.இ., பி.எட். பெற்றவருக்கு வழி குறுகலானதே. கணிதத்திலும் குழந்தைகளிடத்திலும் மெய்யான பிரியம் உள்ளவர்கள் தைரியமாகச் சேரலாம். "ஏதாவது ஒரு வேலை" என்று வருகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

இனி வரப்போகும் மாறுதல்கள்

2020-ம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கை, 2030-க்குள் நான்கு வருஷ ஒருங்கிணைந்த பி.எட். படிப்பே ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதி ஆக வேண்டும் என்கிறது. பிளஸ் டூ முடித்த உடனே அதில் சேரலாம். 2025 பிப்ரவரியில் வெளியான வரைவு விதிகள், நான்கு வருஷப் பட்டமோ முதுகலைப் பட்டமோ பெற்றவர்களுக்கு ஒரு வருஷ பி.எட். படிப்பைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று யோசனை சொல்லின. பத்து வருஷத்துக்கு முன் ஒன்றை இரண்டாக்கினார்கள். இரண்டை மறுபடியும் ஒன்றாக்க யோசனை! தமிழ்நாடு சர்க்கார் 2025 ஆகஸ்டில் தனக்கென்று ஒரு கல்விக் கொள்கையை வெளியிட்டது. இரண்டு கொள்கைகளுக்கும் நடுவில் மாணவன் நிற்கிறான்.

வரைவு என்பது வரைவுதான். சட்டம் ஆகாத யோசனையை நம்பிக் கல்லூரியில் பணம் கட்டுவதும் ஆபத்து. அதற்காகக் காத்திருந்து ஒரு வருஷத்தை வீணாக்குவதும் ஆபத்து.

கட்டணத்துக்கு முன் கணக்கு

இந்த நிலையில் பெற்றோர் என்ன செய்யலாம்?

முதலில், படிப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வேலைக்குக் கடைசியாக வந்த ஆள் எடுப்பு அறிவிப்பைத் தேடி, தகுதிப் பகுதியை வரிக்கு வரி படிக்க வேண்டும். கல்லூரி விளம்பரத்தை அல்ல.

இரண்டாவது, அந்த வேலைக்கு ஆள் எடுத்தது எந்த வருஷம், அதற்கு முன் எந்த வருஷம் என்று பார்க்க வேண்டும். இடைவெளி ஐந்து வருஷம் என்றால், அந்த ஐந்து வருஷமும் பிழைக்க வேறு வழி வேண்டும்.

மூன்றாவது, கல்லூரிக்குத் தேசியக் குழுமத்தின் அல்லது தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அங்கீகாரம் அந்த வருஷத்துக்கு இருக்கிறதா என்பதை நேரில் சரிபார்க்க வேண்டும்.

நான்காவது, வகுப்புக்கு வர வேண்டாம் என்று சொல்லும் கல்லூரியின் வாசல்படி மிதிக்கக் கூடாது.

இவை பெற்றோரின் கடமைகள். ஆனால் பாரம் முழுவதையும் அவர்கள் தலையிலேயே சுமத்துவது நியாயம் ஆகாது. தகுதியை நிர்ணயிப்பது சர்க்கார். கல்லூரிக்கு அனுமதி தருவது சர்க்காரின் ஸ்தாபனங்கள். பள்ளிக்கூடங்களில் எத்தனை வாத்தியார்கள் எந்த வருஷம் ஓய்வு பெறுவார்கள் என்ற கணக்கும் சர்க்காரிடமே இருக்கிறது. அப்படியிருக்க, அடுத்த ஐந்து வருஷத்தில் எந்தப் பாடத்தில் எத்தனை இடம் காலியாகும் என்று முன்கூட்டியே வெளியிடுவதில் என்ன சிரமம்? அந்த ஒரு கணக்கு தெரிந்தால், ஆயிரக் கணக்கான குடும்பங்கள் வீண் செலவிலிருந்து தப்பும்.

இன்னொன்று. படிப்பில் சேர்ந்துவிட்ட மாணவனுக்கு, அவன் சேர்ந்த நாளில் இருந்த விதியே கடைசி வரை செல்லும் என்ற உறுதி வேண்டும். புதிய விதி புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மட்டும் இருக்கட்டும். இது சலுகை அல்ல, சாதாரண நியாயம்.

கல்லூரியிலோ பள்ளிக்கூடத்திலோ ஒரு வாத்தியார் நாற்காலி காலியாக இருந்தால், நஷ்டம் வேலை கிடைக்காத பட்டதாரிக்கு மட்டும் அல்ல. அந்த வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தைகளுக்கும் நஷ்டம். பட்டதாரி இன்னொரு வேலையைத் தேடிக்கொள்ளலாம். எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் இல்லாமல் கழிந்த ஒரு வருஷத்தை அந்தக் குழந்தைக்கு யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது.